கோழி மீட்லோஃப்: நாலாவது தடவைதான் உருப்படியா வந்துச்சு

அப்பாவோட ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல கெட்ட கொலஸ்ட்ரால் கோட்டைத் தாண்டி நின்னுச்சு, அன்னைக்கே எனக்கு தெரியும் கொத்துக்கறியை ரொட்டி மாதிரி பிடிச்சு ஓவன்ல சுடுற நம்ம மீட்லோஃபுக்கு ஆயுசு முடிஞ்சதுன்னு. அதுவரைக்கும் நான் பண்ணிட்டு இருந்தது மாட்டுக்கறி கொத்துக்கறியில, நூறு கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு இருக்குற வகை. முக்கால் கிலோ போட்டா அதுலயே 150 கிராம் கொழுப்பு, அதுக்கு மேல கெச்சப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பூச்சு. ருசிக்கு குறையே சொல்ல முடியாது, ஆனா டாக்டர் சொன்ன லிஸ்ட்டுல "குறைக்கணும்"ங்குற பக்கத்துல இருக்குற எல்லாமே ஒரே தட்டுல இருந்துச்சு.

சரி கோழிக்கு மாத்திடுவோம், கூடவே காய் கொஞ்சம் சேர்ப்போம், இதுல என்ன பெரிய வித்தைன்னு நினைச்சுதான் ஆரம்பிச்சேன். மூணு தடவை சொதப்பிட்டு நாலாவது தடவைதான் வழிக்கு வந்துச்சு. நான் பட்ட பாட்டை அப்படியே எழுதி வைக்குறேன், யாராவது ஒருத்தருக்காவது அந்த முதல் மூணு மிச்சமாகட்டும்.

முதல் தடவை பண்ணினது சுத்த சோம்பேறித்தனம். பழைய அளவுகள் எல்லாம் அப்படியே, கறி மட்டும் மாத்தி. தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி 750 கிராம், வெங்காயம், முட்டை, ரெண்டு கை பிரட் தூள், உப்பு. நெஞ்சுக்கறியை மிக்ஸியில போட்டு அரைக்கும்போதே உப்பையும் போட்டுட்டேன், ஒரே வேலையா முடியட்டுமேன்னு, அப்புறம் எல்லாத்தையும் கொட்டி நல்லா அழுத்தி அழுத்தி பிசைஞ்சேன். கலவை கையில பசை மாதிரி இழுத்துச்சு, ஆஹா நல்லா சேர்ந்து வருதேன்னு சந்தோஷம் வேற. லோஃப் டின்ல அமுக்கி வச்சு 180 டிகிரில ஒரு மணி நேரத்துக்கு மேல விட்டேன். வெளிய எடுத்தா ஓரமெல்லாம் டின்னை விட்டு சுருங்கி உள்ள போயிருக்கு, கத்தி வச்சா துள்ளுது. அப்பா ஒரு துண்டு எடுத்து ஃபோர்க்கால தட்டிப் பார்த்துட்டு "ஏம்மா, இதை சாப்பிடணுமா இல்ல உருட்டி விளையாடணுமா"ன்னு கேட்டார். கோவம் வந்துச்சு, ஆனா அவர் கேட்டதுல தப்பில்ல, ரப்பரேதான்.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. கொழுப்பை எடுத்துட்டோம்னு நாம நினைச்சுக்குறோம், ஆனா கொழுப்பு அங்க சும்மா உக்காந்திருக்கல, மூணு நாலு வேலை பார்த்துட்டு இருந்துச்சு. கறியில இருக்குற புரதம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா பின்னிக்காம நடுவுல குறுக்க நிக்குறது அதுதான், வாயில ஈரமா வழுக்குற உணர்வைக் கொடுக்குறது அதுதான், மசாலா வாசனையைத் தூக்கிட்டு வர்றதும் அதுதான். நூறு கிராம் நெஞ்சுக்கறியில மூணு கிராம் கொழுப்பு கூட தேறாது. ஆக இருபதுல இருந்து மூணுக்கு இறங்குனா அந்த வேலையெல்லாம் பார்க்க ஆள் இல்ல, அந்த எடத்துக்கு நாமதான் ஒவ்வொண்ணா ஆள் போடணும். அதை விட்டுட்டு கறியை மட்டும் மாத்தினா ரப்பர்தான் வரும்.

உப்பு விஷயத்துலயும் அடி வாங்கினேன். கறியை உப்போட சேர்த்து அரைச்சா மயோசின்னு ஒரு புரதம் கரைஞ்சு வெளிய வந்து பசையாகும், சூடானதும் அது வலை மாதிரி இறுகிடும். சாசேஜ் பண்றவங்க வேணும்னே இதைத்தான் செய்வாங்க, சாசேஜுக்கு அந்தத் துள்ளல் வேணும். மீட்லோஃபுக்கு வேண்டாம். கையில பசையா இழுக்குதுன்னு நான் சந்தோஷப்பட்டேனே, அங்கயே காரியம் கெட்டுப்போச்சு.

ரெண்டாவது தடவை காய்கறி மேல பாரத்தைப் போட்டேன். ஈரம்தான இல்ல, காய்ல இல்லாத ஈரமான்னு சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்குற காய்) ஒண்ணு துருவி, காளான் கால் கிலோ நறுக்கி, கேரட் துருவி எல்லாத்தையும் பச்சையா அப்படியே கலந்தேன். இந்தத் தடவை உப்பைக் கடைசியில போட்டு லேசாத்தான் கிளறினேன், அதனால ரப்பர் ஆகல. ஆனா அரை மணி நேரத்துல ஓவன் கண்ணாடி வழியா பார்த்தா டின் குளமா நிக்குது. லோஃப் உள்ள மிதக்குது, சுடுறதுக்கு பதிலா வேகுது. சுக்கினியில 95 சதவீதமும் காளான்ல 90க்கு மேலயும் தண்ணிதான், அந்தத் தண்ணி கறிக்குள்ள ஒழுங்கா தங்கும்னு நான் நினைச்சது முட்டாள்தனம். சூடுபட்டதும் காய் தண்ணியை விடுது, அதே நேரத்துல கறியும் சுருங்கி தன் தண்ணியைப் பிழியுது, ரெண்டும் சேர்ந்து டின்ல தேங்கி நிக்குது. வெட்டினதும் பொலபொலன்னு உதிர்ந்துச்சு, நடுவுல காய் இருந்த எடமெல்லாம் ஓட்டை. வெளிர் சாம்பல் கலர் வேற. கரண்டியில அள்ளித்தான் தட்டுல போட்டோம். அப்பா ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

காய் சேர்க்குறதுன்னா முதல்ல அதுல இருக்குற தண்ணியை வெளிய அனுப்பணும், அப்புறம் நமக்கு வேணுங்குற ஈரத்தை வேற வழியில, தப்பிச்சு ஓடாத மாதிரி உள்ள வைக்கணும். கேக்க கிறுக்குத்தனமாத்தான் இருக்கும், தண்ணியை எடுத்துட்டு தண்ணி ஊத்துறதான்னு. ஆனா இதுதான் மொத்த விஷயமே. இதை ஒருத்தர் முதல் நாளே எனக்கு சொல்லியிருந்தா ஒன்றரை கிலோ கறி மிச்சம்.

மூணாவது தடவைக்கு காளானைப் பொடியா நறுக்கி எண்ணெய் இல்லாம வெறும் வாணலியில போட்டு வதக்கினேன். முதல்ல தண்ணி விட்டு சளசளன்னு கொதிக்கும், பயந்துடக் கூடாது, அது வத்தி அடியில லேசா ஒட்டி பிரவுன் ஆகுற வரைக்கும் விடணும். 250 கிராம் காளான் தராசுல வச்சுப் பார்த்தப்ப நூறு கிராமுக்குக் கீழ வந்துடுச்சு. அப்புறம்தான் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு வெங்காயம், கேரட், பூண்டு. சுக்கினியைத் துருவி அரை டீஸ்பூன் உப்பு போட்டு இருபது நிமிஷம் வச்சு துணியில கட்டி முறுக்கிப் பிழிஞ்சேன், அரை கப் கிட்ட தண்ணி வந்துச்சு. அத்தனையும் போன தடவை டின்ல குளமா நின்ன தண்ணி.

ஈரத்துக்கு ஓட்ஸ். 60 கிராம் ஓட்ஸை 120 மில்லி பால்ல ஊறவச்சு கூழ் மாதிரி ஆனதும் கறியில சேர்த்தேன். பிரட்டை பால்ல ஊறவச்சு சேர்க்குறது பழைய டெக்னிக், அதே வேலையை ஓட்ஸும் பண்ணும். அதுல இருக்குற மாவுச்சத்து தண்ணியைப் பிடிச்சு ஜெல் மாதிரி வச்சுக்கும், கறி சுருங்கி பிழிஞ்சாலும் இது விடாது, அதோட புரத இழைகளுக்கு நடுவுல புகுந்து அதுங்க இறுக்கிப் பின்னிக்காம தடுக்கும். கொழுப்பு பார்த்துட்டு இருந்த வேலையில பாதியை ஓட்ஸ் கூழ் எடுத்துக்கிச்சுன்னு வச்சுக்கோங்க. வெறும் பிரட் தூளைக் காய்ஞ்சபடியே போட்டா அது கறியோட ஈரத்தையே உறிஞ்சிடும், முதல் தடவை நான் பண்ணின இன்னொரு தப்பு அது. ஒண்ணு சொல்லிடறேன், ஓட்ஸ்னா கொலஸ்ட்ராலுக்கு நல்லதுன்னு அப்பா உடனே குஷியாயிட்டார். ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கான்ங்குற நார்ச்சத்து ஒரு நாளைக்கு மூணு கிராம் உள்ள போனாத்தான் கொலஸ்ட்ரால் குறைய உதவும்னு சொல்வாங்க, இந்த 60 கிராமை எட்டு துண்டுக்குப் பிரிச்சா ஒரு துண்டுல அதுல பத்துல ஒரு பங்குதான் வரும். இது நமக்கு ஈரம் பிடிக்கத்தான், மருந்துக்கு இல்ல.

இந்தத் தடவை டின்னையும் தூக்கிப் போட்டேன். தட்டுல பேக்கிங் பேப்பர் விரிச்சு கையாலயே நீளமா ஒரு மேடு மாதிரி பிடிச்சு வச்சேன், நாலு பக்கமும் காத்து படும், ஓரமெல்லாம் பிரவுன் ஆகும், தண்ணி விட்டாலும் ஓடிடும். உயரம் ரெண்டரை இஞ்சுக்கு மேல போகாம பார்த்துக்கிட்டேன், ரொம்ப உயரமா வச்சா நடு வேகுறதுக்குள்ள மேல காய்ஞ்சிடும்.

எல்லாம் சரியா வந்துச்சு. வெட்டினேன். உள்ள பிங்க்!

கோழியில பிங்க்னா எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க, எனக்கே வயித்தைக் கலக்குச்சு. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரை நட்ட நடுவுல குத்திப் பார்த்திருந்தேன், 76 காட்டியிருந்துச்சு, கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே போதும். சரி தெர்மாமீட்டர்தான் பொய் சொல்லுதோன்னு ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி கலக்கிட்டு அதுல முக்கினேன், சரியா பூஜ்யத்துல நின்னுச்சு. அப்ப கறி வெந்திருக்கு. அப்புறம் ஏன் பிங்க்? நான் அன்னைக்கு கூடுதலா ரெண்டு கைப்பிடி பசலைக்கீரை சேர்த்திருந்தேன், கீரையைச் சுத்தி மட்டும்தான் அந்தக் கலர். பசலைக்கீரை, செலரி மாதிரி காய்கள்ல இயற்கையாவே நைட்ரேட் நிறைய இருக்கு, அது நைட்ரைட்டா மாறி கறிக்கு சிவப்பு கலர் கொடுக்குற மயோகுளோபின்ங்குற புரதத்தோட சேர்ந்தா பிங்க் அப்படியே நின்னுடும். நைட்ரைட் போட்டுப் பதப்படுத்துற பன்றிக்கறி ஹாம் ஏன் வெந்த பிறகும் பிங்க்கா இருக்கு, அதே கதை. வெந்துச்சா இல்லையான்னு கலரை வச்சு முடிவு பண்ண முடியாது, பிங்க்கா இருந்தும் வெந்திருக்கலாம், வெள்ளையா இருந்தும் வேகாம இருக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாம கோழி மீட்லோஃப் பண்ண நினைக்குறவங்க முதல்ல அதை வாங்குங்க, மத்த சாமானெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் அப்பாகிட்ட ஒரு லெக்சரா அடிச்சேன். முழுசா கேட்டுட்டு "எல்லாம் சரிம்மா, ஆனா சப்புன்னு இருக்கே"ன்னார். சாப்பிட்டுப் பார்த்தா ஆமா, ஈரமா மெத்துன்னு இருக்கு, ஆனா ருசியில ஆழமே இல்ல. கொழுப்போட இன்னொரு வேலையை மறந்துட்டேன்.

அதனால நாலாவது தடவை ருசிக்காக. முதல் மாத்தம் கறியில, முழுக்க நெஞ்சுக்கறின்னு இல்லாம 500 கிராம் நெஞ்சு, 250 கிராம் தோல் எடுத்த தொடைக்கறி. தொடைக்கறியிலயும் தோலை எடுத்துட்டா கொழுப்பு நூறு கிராமுக்கு நாலு கிராம் பக்கம்தான், பயப்படுற அளவு இல்ல, ஆனா ருசி அதுலதான் இருக்கு, கொஞ்சம் கூடுதலா வெந்தாலும் நெஞ்சுக்கறி மாதிரி கோவிச்சுக்காது. கோழியோட கொழுப்பு பெரும்பாலும் தோல்லயும் தோலுக்கு அடியிலயும்தான் இருக்கும், பச்சைத் தோலை மட்டும் எடுத்துக்கிட்டா அதுல மூணுல ஒரு பங்கு கொழுப்பு. அதனாலதான் அரைச்சு பாக்கெட்ல வர்ற கோழிக் கொத்துக்கறியையும் வான்கோழிக் கொத்துக்கறியையும் கண்ணை மூடிட்டு நல்லதுன்னு வாங்க முடியாது, தோலோட அரைச்சதா இருந்தா கணக்கே மாறிடும், லேபிள்ல கொழுப்பு எவ்வளவுன்னு பார்த்துட்டு எடுங்க. நான் வீட்லயே அரைக்குறேன். கறியைத் துண்டு போட்டு தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல அரை மணி நேரம் வச்சு, ஓரம் விறைச்சதும் கொஞ்சம் கொஞ்சமா மிக்ஸியில விட்டு விட்டு ரெண்டு மூணு சுத்து, அவ்வளவுதான். விறைப்பா இருந்தா நறுங்கும், சூடா இருந்தா கூழாயிடும். அரைச்ச கறியைக் கழுவாதீங்க, அதுல இருக்குற கிருமி சிங்க் பூரா தெறிக்கும், வேகவச்சா தானா சாகும்.

ரெண்டாவது மாத்தம், காளானும் வெங்காயமும் வதங்கி பிரவுன் ஆனதும் தக்காளி பேஸ்ட் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு கலர் அடர்த்தியாகுற வரைக்கும் வதக்கி, சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன் ஊத்தி அடியில ஒட்டினதை எல்லாம் சுரண்டி எடுத்தேன். காளான், தக்காளி, சோயா மூணுலயும் குளுட்டமேட்ங்குற ருசிப் பொருள் இருக்கு, கறியோட ஆழத்தைக் கொடுக்குறது அதுதான். ஆனா சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன்ல மட்டும் 900 மில்லிகிராம் கிட்ட சோடியம் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000க்குள்ள இருக்கணும்னு சொல்லுது. அதனால தனி உப்பை முக்கால் டீஸ்பூனா குறைச்சுட்டேன். கொழுப்பைக் குறைச்ச சந்தோஷத்துல சாஸ் சாஸா ஊத்தி உப்பை ஏத்துற ஆளுங்க நிறைய பேர், நானும் அதுல ஒருத்தியாத்தான் இருந்தேன்.

வதக்கினதை முழுசா ஆறவிடணும், சூட்டோட கறியில கொட்டினா அங்கங்க வெந்து கட்டியாயிடும். பெரிய பாத்திரத்துல ஓட்ஸ் கூழ், முட்டை ஒண்ணு, ஆறின காய், பிழிஞ்ச சுக்கினி, மிளகுத்தூள், கடுகு சாஸ் ஒரு டீஸ்பூன், காய்ஞ்ச தைம் (ஒரு வாசனை இலை) கொஞ்சம், உப்பு, இதை எல்லாம் முதல்ல தனியா நல்லா கலந்துட்டேன். கறி கடைசியில. அதுக்கப்புறம் விரலை விரிச்சு வச்சுக்கிட்டு லேசா புரட்டுறது மட்டும்தான், பிசையுற வேலையே கிடையாது, எல்லாம் கலந்துச்சுன்னு தெரிஞ்ச உடனே கையை எடுத்துடணும். பச்சைக் கோழியை ருசி பார்க்க முடியாதே, அதனால ஒரு ஸ்பூன் கலவையைத் தட்டி வாணலியில வேகவச்சு சாப்பிட்டுப் பார்த்தேன், மிளகு பத்தல, சேர்த்தேன். இந்த ரெண்டு நிமிஷ வேலையை முதல் மூணு தடவையும் செய்யாம விட்டதை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது.

மேல்பூச்சுக்கு கெச்சப் வேண்டாம்னு முடிவு பண்ணினேன், ஒரு டேபிள்ஸ்பூன் கெச்சப்ல நாலு கிராம் சர்க்கரை, நான் பழைய ரெசிபில அரை கப் ஊத்தி அதுக்கு மேல சர்க்கரையும் போட்டுட்டு இருந்தேன். இப்ப தக்காளி பேஸ்ட் மூணு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒண்ணு, பிரவுன் சுகர் ரெண்டு டீஸ்பூன், பாப்ரிகா தூள், தண்ணி கொஞ்சம். சர்க்கரையே இல்லாம ஒரு தடவை கிண்ணத்துல கலந்து பார்த்தேன், புளிப்பு மூஞ்சியைச் சுளிக்க வச்சிடுச்சு, அதனால ரெண்டு டீஸ்பூன் இருந்துட்டுப் போகட்டும். பாதியைப் பூசி உள்ள வச்சு, முப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு மீதியைப் பூசினேன்.

180 டிகிரில 52 நிமிஷத்துல நடுவுல 74 வந்துச்சு. நாப்பதாவது நிமிஷத்துல இருந்தே குத்திப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன், ஏன்னா 65ஐத் தாண்டினதும் கறி ரொம்ப வேகமா தண்ணியை விட ஆரம்பிக்கும், கொழுப்பு இல்லாத கறியில 74க்கும் 82க்கும் நடுவுலதான் நல்லதும் நாசமும். ரெண்டு டிகிரி முன்னாடியே எடுத்தா வெளிய இருக்கும்போது தானா ஏறிடும்னு சிலர் சொல்வாங்க, ஏறும்தான், ஆனா கோழியில நான் அந்த விளையாட்டுக்குப் போகல. வெளிய எடுத்து பதினஞ்சு நிமிஷம் தொடாம வச்சேன். இதுதான் ரொம்ப கஷ்டம், வாசனை வீடு பூரா சுத்துது, அப்பா ரெண்டு தடவை கிச்சன் வாசல்ல வந்து நின்னுட்டு போறார். உடனே வெட்டினா சாறெல்லாம் பலகையில ஓடிடும், உதிரவும் செய்யும்.

வெட்டினப்ப துண்டு துண்டா நின்னுச்சு, கேரட் ஆரஞ்சும் சுக்கினி பச்சையும் புள்ளி புள்ளியா, பலகையில ஈரம் லேசாத்தான். அப்பா முதல் வாய் சாப்பிட்டுட்டு எதுவும் சொல்லாம ரெண்டாவது துண்டு எடுத்தார், அப்புறம் "காளான் போட்டியா?"ன்னு கேட்டார், அவருக்கு காளான் பிடிக்காது. போட்டேன்பான்னேன். "தெரியல"ன்னார். அதை விட பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம். பழைய மாட்டுக்கறி ருசி அப்படியே வந்துச்சான்னு கேட்டா வரல, அது வேற இது வேற, அதை நினைச்சுக்கிட்டு இதைச் சாப்பிட்டா ஏமாற்றம்தான். மொத்தம் எட்டு துண்டு, கறி, முட்டை, பால், எண்ணெய் எல்லாம் கணக்குப் போட்டாலும் ஒரு துண்டுக்கு கொழுப்பு அஞ்சு கிராம் பக்கம்தான், பழைய ரெசிபியில கறியை மட்டும் எடுத்தாலே பச்சைக் கணக்குல 19 கிராம் வரும்.

மிஞ்சினதை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல, மூணு நாலு நாள் வரைக்கும் வச்சுக்கலாம். சூடு பண்றப்ப மைக்ரோவேவ்ல அப்படியே வச்சா காய்ஞ்சு போகுது, மேல ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி வச்சா பரவால்ல. மறுநாள் ஜில்லுன்னு இருக்குறப்ப மெல்லிசா வெட்டி வாணலியில ரெண்டு பக்கமும் லேசா சிவக்க விட்டா முதல் நாளை விட எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு.

இதே கலவையை ஒரு தடவை மஃபின் தட்டுல பன்னெண்டு குழியில பிரிச்சு வச்சுப் பார்த்தேன், தனித்தனியா ஃப்ரீசர்ல போட வசதின்னு. 25 நிமிஷம் விட்டேன், எடுத்து குத்தினா 83 காட்டுது, ஓரமெல்லாம் விறைப்பு. அடுத்த தடவை பதினெட்டுலயே கதவைத் திறந்து குத்திப் பார்க்கணும்னு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன், அதுக்குக் கீழ அப்பா பேனாவால "ரப்பர் வேண்டாம்"னு எழுதி வச்சிருக்கார்.